மைனஸ் மூன்று கிலோ

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போவதென்று முடிவெடுத்தார். போவது நான்.

"யோசிச்சுப் பாத்தேன்," என்றார். "ரெண்டே வருஷம். கண்ண மூடித் தொறந்தா முடிஞ்சிரும்."

"யாரு கண்ண?"

"ஒன் கண்ணதான். எனக்கு இங்க வேலை இருக்குல்ல."

அவருடைய வேலை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியர். ஆறு வருஷமாகத் தொண்டு. ஆசிரியர் என்பது இன்னும் வரவில்லை. பின்னேரங்களில் லயத்து வரிசையில் எங்கள் காம்பரா வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில் கணக்கு டியூசன் கொடுப்பார். பதினொரு பிள்ளைகளோடு தொடங்கியது, இப்போது மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று மழைக்கு ஒதுங்க வருவது.

"கேசினி இன்னும் பால் குடிக்கிறாளே," என்றேன். பிள்ளைக்குப் பதினாலு மாதம். மடியில்தான் கிடந்தாள்.

"மறக்கடிச்சிரலாம். வேப்பெண்ணெய் தடவணுமாம். ரெங்கம்மாக்காகிட்ட கேட்டுட்டேன். பகல்ல புள்ளய அவங்களே பாத்துக்குவாங்க. பதுளையில ஸரூக் பாய்கிட்டயும் பேசிட்டேன். அடுத்த மாசம் இருவதாம் திகதி பிளேன்."

எல்லோரிடமும் பேசியிருந்தார். கடைசியாக என்னிடம் வந்திருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம் என்பது அவருடைய கணக்கு. அன்றைக்கு அவருக்கே என்னவோ போல இருந்திருக்க வேண்டும். ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்.

"பதினாலாம் திகதி பதுளையில நேர்முகம். ஏ.எல். வகுப்புக் கணக்குக்கு தமிழ் மாஸ்டர் இல்லாம அலையிறாங்க. அதிகாரிங்க முன்னால ஒரு பாடம் நடத்திக் காட்டணும். பாஸ் பண்ணினா நியமனம். அப்ப நீ போக வேண்டாம். பாஸ் பண்ணாட்டி போ. எது நடந்தாலும் நமக்கு நஷ்டம் இல்ல."

இதற்கு முன் அவர் மூன்று சோதனை எழுதியிருக்கிறார். தபால் கந்தோர், ரயில்வே, கிளறிக்கல். மூன்றுக்கும் போய்விட்டு வந்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். கேள்வி பிழையாம்.

"என்ன பாடம் நடத்தப் போறீங்க?"

"துணிகோவையால ஒருங்கமை சமன்பாடு தீர்க்கிறது. நானே தெரிவு செஞ்சேன். யாருக்கும் புரியாத பாடமா எடுத்தாத்தான் யாரும் பிழை புடிக்க முடியாது."

பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒக்டோபர் இருபதாம் திகதி அவள் எந்த விரலைப் பிடிப்பாள் என்பது இனி அந்தத் துணிகோவையின் கையில் இருந்தது.

துணிகோவை எனக்குப் புதிதில்லை. நான் படித்தது அஞ்சாம் வகுப்புத்தான். ஆனால் நாலு வருஷமாக அவர் இஸ்தோப்பில் கத்துவதும் நான் உள்ளே ரொட்டிக்கு மாப் பிசைவதும் ஒரே நேரம். நடுவில் இருப்பது ஒரு சாக்குத் திரை. சாக்குக்குக் கணக்கை மறைக்கத் தெரியாது.

தாயம் என்று ஒன்று. எண்களைப் பெட்டி மாதிரி அடுக்குவது. பக்கவாட்டில் போவது நிரை. மேலிருந்து கீழே வருவது நிரல். மூலைக்கு மூலை பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் துணிகோவை. தெரியாத எண் ரெண்டு இருந்தால், சமன் குறிக்கு அந்தப் பக்கம் இருக்கிற விடைகளைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு, இன்னொரு துணிகோவை எடுத்து வகுக்க வேண்டும். எங்கே போடுவது என்பதை அவர் சொல்லிக் கொடுக்கிற விதம் அழகாக இருக்கும்.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஒரு ஆள் வரலைன்னா என்னடா செய்வாங்க?"

"அந்த ஆளோட நெரைக்கு வேற ஆள விடுவாங்க சேர்."

"அதேதான். மொத எண் வேணும்னா மொத நிரையத் தூக்கு. அந்த இடத்துல விடைய விடு. ரெண்டாவது வேணும்னா ரெண்டாவது நிரையத் தூக்கு."

மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். உடனே பிடித்துக்கொள்ளும். அவர் சொல்லிக் கொடுத்ததிலேயே எல்லோருக்கும் புரிந்தது அது ஒன்றுதான்.

கணக்கும் ஒன்றுதான். ஆறு வருஷமாக ஒரே கணக்கு. மேலே இரண்டு, ஒன்று. கீழே ஒன்று, மூன்று. விடை ஏழு, பதினொன்று. முதல் எண் இரண்டு என்று வரும், அடுத்தது மூன்று. அச்சடித்த மாதிரி வரும். வேறு கணக்கை வீட்டில் செய்து கொண்டுவந்து "சரியா வரமாட்டேங்குது சேர்" என்ற பிள்ளைகளுக்கு "கையெழுத்தத் திருத்து" என்றார். அவர்கள் கையெழுத்தைத் திருத்திக்கொள்ள வேறு மாஸ்டரிடம் போய்விட்டார்கள்.

ஸரூக் பாய் படம் எடுக்கிற ஆளோடு வந்தார். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி பதுளையில் வைத்திருப்பவர். என்னை லயத்துச் சுவரோடு நிற்க வைத்தார்கள்.

"சிரிக்காம நில்லு தங்கச்சி. பாஸ்போட்டுக்குச் சிரிக்கக் கூடாது."

"அவ சிரிக்கல பாய்," என்றார் ரெங்கம்மாக்கா. பக்கத்துக் காம்பரா. போன வருஷம் கொழுந்து லொறி புரண்டதில் புருஷன் இராசையா அண்ணனைப் பறிகொடுத்தவர். ரெண்டு பிள்ளைகள். "அவ மொகமே அதுதான்."

ஸரூக் பாய் என்னென்ன கொண்டு போகலாம் என்று சொன்னார். தேயிலைத்தூள் கொண்டு போகலாம். ஊறுகாய் கொண்டு போகலாம். பெட்டி இருபது கிலோவுக்கு மேலே போகக் கூடாது. பிள்ளையின் சட்டை ஒன்றைக் கொண்டு போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த லயத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே வேப்பெண்ணெயும் தொடங்கியது. கேசினி வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தே விட்டாள். ரெங்கம்மாக்கா "அழுத்தக்காரி" என்றார். வேப்பெண்ணெய் போத்தலை நான் தூரத் தள்ளி வைத்தேன். யாராவது கேட்டால் தடவியதாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

ஊறுகாய் டின்னையும் மூன்று தேயிலைப் பைகளையும் சாக்கில் கட்டிக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டு போனேன். தராசில் அஞ்சு கிலோ நின்றது. கூடுதலாக இருக்குமோ என்று ஒரு பையை எடுத்துவிட்டு மற்றதை மறுபடி நிறுத்தேன். நாலு கிலோ. வீட்டுக்கு வந்து சொன்னேன். சொன்னதுதான் தாமதம், அவர் வெண்கட்டியை எடுத்துவிட்டார்.

"பை ஒண்ணு என்ன நிறை, டின் என்ன நிறை. நீ தராசுகிட்டப் போகவே தேவையில்ல. இங்க ஒக்காந்தே சொல்றேன் பாரு."

இஸ்தோப்புத் தரையில் எழுதினார். மேலே மூன்று பை, ஒரு டின். கீழே ரெண்டு பை, ஒரு டின். அந்தப் பக்கம் அஞ்சு, நாலு. நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ரெங்கம்மாக்கா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வந்தார்.

"தாயத்தோட துணிகோவை ஒண்ணு. நல்ல சகுனம்," என்றார். மேல் நிரையை அழித்தார். அந்த இடத்தில் அஞ்சையும் நாலையும் விட்டார். பெருக்கினார். அஞ்சிலிருந்து எட்டைக் கழித்தார். மறுபடி ஒரு தரம் கழித்தார்.

"பை ஒண்ணு மைனஸ் மூணு கிலோ."

ரெங்கம்மாக்கா குனிந்து தரையில் இருந்த எண்களைப் பார்த்தார்.

"டின்னு?" என்றேன்.

கீழ் நிரையில் அஞ்சையும் நாலையும் விட்டார். பெருக்கினார். "ஏழு கிலோ."

"எல்லாஞ் சேத்தே அஞ்சு கிலோதானேங்க."

"ஆமா. டின் ஏழு கிலோ. பை மைனஸ்ல இருக்கதால இழுத்துப் புடிச்சு அஞ்சுக்குக் கொண்டாந்து நிறுத்துது."

ரெங்கம்மாக்கா முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப பத்துப் பை வச்சா தம்பி?"

"முப்பது கிலோ கொறையும்."

"அப்ப இவ பெட்டியப் புடிச்சுக்கிட்டே குவைத்துக்குப் பறந்துருவாளே. பிளேன் எதுக்கு?"

"ஒங்களுக்கு இது புரியாதுக்கா."

"புரியாதுதான். மைனஸ்ல தூள் இருந்தா கொஞ்சம் நம்ம கூடையில போட்டு வைங்க. மலையேற லேசா இருக்கும்."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். வேட்டியில் வெண்கட்டியைத் துடைத்தார். முகம் சிவந்திருந்தது.

"கணக்குல பிழை இல்ல. தராசுலதான் பிழை. தோட்டத்துத் தராசு என்னைக்கு உண்மை சொல்லிச்சு?"

அதற்கு ரெங்கம்மாக்காவும் தலையாட்டினார். சாக்குக்கு என்று ரெண்டு கிலோ, ஈரத்துக்கு என்று ரெண்டு கிலோ, தினமும் எங்கள் கொழுந்தில் அந்தத் தராசு கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒரு பேச்சில் மட்டும் தோட்டமே அவர் பக்கம்.

மறுநாள் மலையில் கை கொழுந்து பறித்தது. தலை பையை நிறுத்துக்கொண்டிருந்தது. ஒரு பையை எடுத்தேன், ஒரு கிலோ குறைந்தது. அப்படியானால் பை ஒரு கிலோ. டின் ரெண்டு. இதற்குத் தராசு நல்லதா கெட்டதா என்று பார்க்கத் தேவையில்லை. கெட்ட தராசு ஒரு கிலோவைத் திருடும், மூன்று கிலோவை வானத்துக்கு ஏற்றாது. தராசில் பிழையில்லை என்றால் பிழை நிரையில். பதினாலாம் திகதிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

பின்னேரம் ரொட்டிப் பலகையில் மாவைத் தூவி விரலால் அந்தப் பெட்டியை எழுதினேன். மூன்றும் ரெண்டும் பைகள். அவை ஒன்றுக்குக் கீழே ஒன்று நின்றன. ஒன்றும் ஒன்றும் டின்கள். அவையும் ஒன்றுக்குக் கீழே ஒன்று. இவர் மேல் நிரையைத் தூக்கியபோது பையோடு சேர்த்து டின்னையும் தூக்கிவிட்டார். பை என்ன நிறை என்று கேட்டால் பையை மட்டும்தானே தூக்க வேண்டும். மேலிருந்து கீழாகத் தூக்கிப் பார்த்தேன். பைகள் இருந்த இடத்தில் அஞ்சும் நாலும். அஞ்சிலிருந்து நாலைக் கழித்தால் ஒன்று. டின்கள் இருந்த இடத்தில் அஞ்சும் நாலும் விட்டேன். பன்னிரண்டிலிருந்து பத்தைக் கழித்தால் ரெண்டு.

அப்படியானால் அவருடைய ஆறு வருஷக் கணக்கு மட்டும் ஏன் சரியாக வந்தது? அதையும் மாவில் எழுதினேன். இரண்டு, ஒன்று. ஒன்று, மூன்று. பக்கவாட்டில் படித்தாலும் மேலிருந்து கீழே படித்தாலும் ஒரே எண்கள். அந்தப் பெட்டியில் நிரையைத் தூக்கினாலும் நிரலைத் தூக்கினாலும் விடை ஒன்றுதான். ஆறு வருஷமாக ஒரே ஒரு நல்ல கணக்கு என் வீட்டுக்காரரைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

அவர் பீலியில் குளித்துவிட்டு வந்ததும் மெதுவாகச் சொன்னேன். "ஏங்க, ஒரு நிரல் முழுக்க ஒரே சாமான்தானே, நிரையத் தூக்கினா டின்னும் சேந்து வந்துருதே, நிரலத் தூக்கிப் பாத்தா..."

"நீ எத்தனாம் வகுப்பு?"

"அஞ்சு."

"நான்?"

"ஏ.எல்."

"அப்ப மாவப் பிசை."

பிசைந்தேன். ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. இந்தப் பிழையை என் வாயால் சொன்னால் அவர் திருந்த மாட்டார். பெரிய வாயால் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பெரிய வாய் ஒன்றுதான். பதுளைக் கல்விக் கந்தோரில் கணித ஆலோசகர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர். பதினாலாம் திகதி நடுக் கதிரையில் இருக்கப் போகிறவரும் அவர்தான்.

ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னேன். "தோட்டத்துத் தராசு பொய்யினு கணக்காலயே காட்டிப்புட்டீங்க. இதுவரைக்கும் எந்த யூனியன்காரனும் காட்டல. இத அந்த ஜெயரட்ணம் சேருக்கு எழுதிப் போட்டா என்ன?"

அவர் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். எனக்கும் புத்தி இருக்கலாம் என்ற சந்தேகம் முதல்முதலாக அவர் முகத்தில் வந்தது.

நாலு பக்கம் எழுதினார். வளைத்து வளைத்து, சிவப்பு மையில் தலைப்புக்குக் கோடு போட்டு எழுதினார். ஊவாவில் தனக்கு நிகராகத் தாயம் தெரிந்தவர் இல்லை என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. தராசைத் திருடன் என்றது ரெண்டாம் பக்கம். மற்ற ரெண்டு பக்கமும் தராசைக் காக்கிற அதிகாரிகளைப் பற்றி. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போகும்போது தெமோதரைத் தபால் கந்தோரில் போடச் சொல்லி என்னிடம் தந்தார்.

அதைப் போடவில்லை. மறுநாள் அடுப்பு நன்றாகப் பிடித்தது.

தபால் கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கொப்பித் தாளில் நான் வேறு ஒன்று எழுதினேன். அவர் பெயரில்தான் எழுதினேன். எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. எனக்கு எழுத்து உருட்டி உருட்டித்தான் வரும்.

"மதிப்புக்குரிய ஐயாவுக்கு. கீழே உள்ள கணக்கை நான் செய்தேன். பை ஒன்று மைனஸ் மூன்று கிலோ என்று வருகிறது. தராசில் ஒரு கிலோதான் நிற்கிறது. என் பழைய கணக்கு மட்டும் சரியாக வருகிறது. அதையும் எழுதியிருக்கிறேன். பிழை என்னுடையதுதான். எங்கே என்று தெரியவில்லை. பதினாலாம் திகதிக்கு முன் சொல்லித் தந்தால் ஒரு பிள்ளைக்குப் புண்ணியமாக இருக்கும்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. என் வீட்டுக்காரர் அதை இஸ்தோப்பில் நின்று, ரெங்கம்மாக்காவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தார்.

"'அன்புள்ள தம்பி, உங்கள் பணிவான கடிதம் கிடைத்தது.' பாத்தியா? நான் என்ன போடு போட்டேன், அவரு பணிவுங்கிறாரு. பெரிய மனுசங்க பெரிய மனுசங்கதான்." அடுத்த வரியைப் படித்தார். "'பிழையைத் தானே ஒப்புக்கொண்டு கேட்கும் ஆசிரியரை என் இருபது வருஷச் சேவையில்...'"

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு உதடும் நின்றது. கடிதத்தை நாலாக மடித்தார். துவாயை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். அன்றைக்கு அவர் ஏற்கனவே குளித்திருந்தார்.

ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார். தலை நனையவில்லை.

"நான் அவரச் சோதிச்சுப் பாத்தேன்," என்றார். "வேணும்னே பிழையாச் செஞ்சு அனுப்பினேன். புடிச்சிட்டாரு. பரவால்ல. பாஸ்."

"என்ன பிழைங்க?"

"ஒனக்குச் சொன்னாப் புரியாது. நிரை இல்ல, நிரல்."

"சரிங்க," என்றேன்.

தன் கடிதம் எப்படிப் பணிவாகப் போனது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று பயந்திருப்பார்.

பதினாலாம் திகதி மூன்று பேருமாகப் பதுளைக்குப் போனோம். காலையில் அவருக்குப் பாடம். பின்னேரம் எனக்கு ஸரூக் பாய் கந்தோரில் கையெழுத்து. ரெண்டையும் ஒரே ரயிலில் முடித்துவிடலாம் என்பது அவர் ஏற்பாடு. பாடம் சரியாகப் போகாவிட்டால் அன்றைக்கே குவைத்துக் காகிதத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் போட்டிருந்தது கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்து. ஒன்று கடித்தது. அவர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

நான் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மழை தூறியது. கேசினி என் கையில் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று பேர் கதிரையில். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர்தான் ஜெயரட்ணம் என்று ஊகித்தேன்.

என் வீட்டுக்காரர் அந்த ஆறு வருஷக் கணக்கை எழுதினார். ரெண்டு, ஒன்று. ஒன்று, மூன்று. அழகாகச் செய்தார்.

"நல்லது தம்பி," என்றார் ஜெயரட்ணம். "இது எப்பிடிச் செய்தாலும் சரியா வாற கணக்கு. நீங்கள் எனக்கு எழுதின அந்தப் பைக் கணக்கைச் செய்து காட்டுங்கோ."

அவர் எழுதினார். மூன்று, ஒன்று. ரெண்டு, ஒன்று. அந்தப் பக்கம் அஞ்சு, நாலு. பிறகு பலகை துடைப்பானை எடுத்தார். ஆறு வருஷப் பழக்கம். கை நேரே மேல் நிரைக்குப் போனது. மூன்றைத் துடைத்தது. பக்கத்தில் இருந்த ஒன்றையும் துடைத்தது. அஞ்சு என்று எழுதினார். பக்கத்தில் நாலு என்று எழுதினார்.

அதோடு நின்றுவிட்டார். என்னவோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. எது என்று தெரியவில்லை. கழுத்தில் வேர்வை இறங்குவது ஜன்னலுக்கு வெளியே இருந்தே தெரிந்தது. அவர் திரும்பினார். பலகையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

பேச எனக்கு வாய் வராது. வந்தாலும் அங்கே பேச முடியாது. குறுக்கே படுத்திருந்த பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் கட்டையில் நேராக நிமிர்த்தி நிற்க வைத்தேன்.

கேசினி முழித்து, வாயைத் திறந்து, கத்தினாள். பதுளைக்கே கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் படுக்கையாய் இருந்த அஞ்சையும் நாலையும் துடைத்தார். பைகள் இருந்த இடத்தில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக அஞ்சையும் நாலையும் நிமிர்த்தி எழுதினார். பை ஒன்று, ஒரு கிலோ. டின், ரெண்டு கிலோ.

"ஏன் நிரலை மாத்த வேணும், நிரையை ஏன் மாத்தக் கூடாது? பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துவீங்கள்?" என்று மற்றொருவர் கேட்டார்.

"ஒரு நிரல் முழுக்க ஒரே சாமான் சேர். பை வேணும்னா பைய மட்டும் தூக்கணும். நிரையத் தூக்கினா டின்னும் சேந்து வந்துரும்," என்றார் என் வீட்டுக்காரர். அப்போதே மனதில் உதித்த மாதிரிச் சொன்னார். மாவுப் பலகையில் நான் கண்டுபிடித்ததை அன்றைக்கு அவர் அரைகுறையாகக் கேட்டதாகக்கூட எனக்குத் தெரியாது. முழுதாகவே கேட்டிருக்கிறார். அது 'மாவப் பிசை' என்றதைவிட அதிகமாகச் சுட்டது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தார். வளைத்து வளைத்து எழுதினார். ஜெயரட்ணம் தன் பையில் இருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்தார். உருட்டி உருட்டி எழுதிய தாள். படிவத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"தம்பி," என்றார். "உங்கட பேரை மேல அனுப்பிறம். நியமனக் கடிதம் வரும். உங்கட கணக்குக்காக இல்லை. இந்தக் கடிதத்துக்காகத்தான்."

"நன்றி சேர்."

"எனக்குச் சொல்லாதேங்கோ. எழுதின ஆளுக்குச் சொல்லுங்கோ. ஜன்னலுக்கு வெளியில நனைஞ்சுகொண்டு நிக்கிறா."

ஸரூக் பாய் கந்தோருக்கு என் படத்தை வாங்கப் போனோம். எனக்கு முன்னால் அங்கே ரெங்கம்மாக்கா இருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். பெருவிரலில் ஊதா மை.

"விசா வந்துட்டா வீணாக்க ஏலாது மாஸ்டர்," என்றார் ஸரூக் பாய். "ஒரு ஆள் விலகினா இன்னொரு ஆளப் போடணும். நீங்க பாஸ் பண்ணினா தங்கச்சிக்குப் பதிலா தான் போறதா இவங்க போன கிழமையே சொல்லி வச்சாங்க. இப்ப கல்விக் கந்தோர்ல இருந்து செய்தி வந்திச்சு, மைய வச்சிட்டாங்க."

ரெங்கம்மாக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒம் புள்ளய நான் பாத்துக்கிறதா இருந்திச்சு. இப்ப எம் புள்ளைங்க ரெண்டையும் நீ பாத்துக்க. பெரியவன் ராத்திரியில எழும்பி அழுவான். கண்டுக்காத."

நான் தலையாட்டினேன்.

ரயிலில் ஹாலிஎல தாண்டும்வரை என் வீட்டுக்காரர் ஜன்னல் ஈரத்தில் விரலால் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். உடுவரையிலும் போட்டார். தெமோதரையில் இறங்கினோம். அங்கே இருந்து எங்கள் லயத்துக்கு மூன்று கட்டை, மூன்று மைல் ஏற்றம். அவர் கடித்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மழை விட்டிருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல்முதலாக, தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை என்னிடம் கேட்டார்.

"நான் இன்னும் என்னென்ன பிழை விடுறேன்?"

"புள்ளயப் புடிங்க," என்றேன். "நடந்துகிட்டே சொல்றேன். மூணு கட்டை பத்தாது."